பெருங்காயம் பிறந்த கதை

நம் கடையில் நாள்தோறும் விற்கும் பெருங்காயம் எங்கிருந்து வருகிறது என்று வாடிக்கையாளர் கேட்டால் நம்மில் எத்தனை பேர் பதில் சொல்வோம்? ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தான் நாடுகளின் வறண்ட, குளிர்ந்த மலைப்பகுதிகளில் வளரும் ஒருவகைச் செடியின் வேர்ப்பால்தான் அது. செடி பலன் தர ஏறக்குறைய 5 ஆண்டுகள் ஆகும். வேரைக் கீறிவிட்டால் பால் கசிந்து பிசினாக இறுகும். அதைச் சுரண்டி எடுப்பார்கள். சாம்பாரும் ரசமும் அறியாத ஜெர்மானியர் இதற்கு வைத்த பெயர் 'பிசாசின் மலம்'! நமக்கோ அது மணம்.

2020 வாக்கில் நம் நாடு ஆண்டுக்குச் சுமார் 1,200 டன் இறக்குமதி செய்து வந்தது. இந்நிலை மாற வேண்டும் என்று பாலம்பூர் ஆராய்ச்சி நிலையத்தார் அவ்வாண்டு அக்டோபரில் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் நாற்று நட்டனர்.

நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டப்பாவில் வருவது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அசல் பிசின் நெடி மிகுந்தது என்பதால் கோந்தும் மாவும் சேர்க்கிறார்கள். இது கலப்படமல்ல, சட்டம் அனுமதித்ததே. ஆனால் சேர்ப்பது பல சரக்குகளில் மைதா. கோதுமை ஒவ்வாதவர்களுக்கு அது ஆகாது. அரிசி மாவு சேர்த்த சரக்கும் சந்தையில் கிடைக்கிறது. எனவே லேபிளைப் படித்து, இரண்டையும் தனித்தனியே அடுக்கி, கேட்பவருக்கு விவரம் சொல்லி விற்போம். வாங்குவது சிட்டிகையளவு சரக்கானாலும், உடல்நலம் அவர்களுடையது, நாணயம் நம்முடையது.