சேர்வராயன் மலையடிவாரமும் ஸ்காட்லாந்தும்: தனிநாட்டுக் கோரிக்கையின் இரு வரலாறுகள்

சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தியவராகக் கருதப்படும் எம். டி. காக்பர்ன், 1820 முதல் 1829 வரை சேலத்தின் கலெக்டராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர். அவர் பொறுப்பேற்ற அதே ஆண்டில் சென்னை மாகாண ஆளுநரான தாமஸ் மன்றோவும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தவரே. 1792 முதல் ஏழாண்டுகள் சேர்வராயன் மலைக்கு வடக்கேயுள்ள பாராமகால் பகுதியில் அலெக்சாண்டர் ரீடின் கீழ் அவர் நிலவரி வகுத்தபோதுதான், இடைத்தரகரின்றி உழவரிடமே வரி தண்டும் ரயத்துவாரி முறை உருப்பெற்றது.

இத்தனை ஸ்காட்லாந்தியர் இம்மலைப் பக்கம் வந்து சேர்ந்தது தற்செயல் அன்று. ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் 1603 முதல் ஒரே அரசரின் கீழ் இருந்தபோதிலும் தனித்தனி நாடாளுமன்றங்களைக் கொண்ட இரு நாடுகளாகவே நீடித்தன. பனாமா நிலச்சந்தியின் டேரியன் கரையில் குடியேற்றம் அமைக்க ஸ்காட்லாந்து 1698இல் மேற்கொண்ட முயற்சி பெரும் பொருளிழப்பில் முடிந்தபின், இங்கிலாந்தின் கடல்கடந்த வணிகத்தில் பங்கு கிடைக்கும் என்ற கணக்கும் சேர்ந்துகொள்ள, 1707இல் இரு நாடாளுமன்றங்களும் ஒப்பந்தத்தின் வழியே ஒன்றாயின. ஸ்காட்லாந்து தன் சட்டமுறையையும் திருச்சபையையும் கல்வி அமைப்பையும் அப்போது விட்டுக்கொடுக்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் வேலைகளோ, ஹென்றி டண்டாஸ் போன்ற ஸ்காட்லாந்து அரசியல்வாதிகளின் செல்வாக்கால் அந்நாட்டு இளைஞர்களுக்குத் தாராளமாகக் கிடைத்தன. பிரித்தானியர் என்ற பொது உணர்வை வளர்த்ததில் பேரரசுக்கும் போர்களுக்கும் பெரும் பங்குண்டு என்பது லிண்டா காலி போன்ற வரலாற்றாசிரியர்களின் கருத்து. பேரரசு கலைந்தபின் அந்த இணைப்பின் பயன் என்ன என்ற கேள்வி வலுத்தது இயல்பே, ஆயினும் அது மட்டுமே முழு விளக்கமாகிவிடாது.

1934இல் தோன்றிய ஸ்காட்லாந்து தேசியக் கட்சி நெடுங்காலம் சிறு கட்சியாகவே இருந்து, வடகடலில் எண்ணெய் கிடைத்த பின்னரே, அந்தச் செல்வம் ஸ்காட்லாந்துக்கே உரியது என்ற முழக்கத்துடன் 1974 அக்டோபர் தேர்தலில் 11 இடங்களை வென்றது. மைய அரசு தன் அதிகாரங்களில் சிலவற்றைச் சட்டத்தின் வழியே வட்டார அவைக்கு ஒப்படைக்கும் அதிகாரப் பகிர்வு குறித்து 1979இல் நடந்த வாக்கெடுப்பில் 51.6 விழுக்காட்டினர் ஆதரித்தும், மொத்த வாக்காளரில் 40 விழுக்காட்டினரின் ஆதரவு வேண்டும் என்ற நிபந்தனையால் அது தோற்றது. 1997இல் 74.3 விழுக்காட்டு ஆதரவு கிடைக்க, 1999இல் எடின்பரோவில் மீண்டும் ஒரு நாடாளுமன்றம் கூடியது. அதில் 2011இல் தேசியக் கட்சி தனிப்பெரும்பான்மை பெற்றதும், லண்டன் அரசின் இசைவோடு 2014 செப்டம்பர் 18 அன்று விடுதலைக்கான பொது வாக்கெடுப்பு நடந்தது, 84.6 விழுக்காட்டினர் வாக்களித்ததில் 55.3 விழுக்காட்டினர் பிரிவினையை மறுத்தனர். அவ்வாக்கெடுப்பில் 16 வயது நிரம்பியோருக்கும், ஸ்காட்லாந்தில் வசித்த இந்தியர் உள்ளிட்ட காமன்வெல்த் குடிமக்களுக்கும் வாக்குரிமை இருந்தது. ஸ்காட்லாந்தில் பிறந்து லண்டனில் குடியேறியவருக்கோ அது இல்லை. குருதியையோ மொழியையோ விடுத்து வசிப்பிடத்தையே அளவுகோலாகக் கொண்ட தேசியம் அது. அந்நாட்டின் பழைய மொழியான கேலிக்கைப் பேசுவோர் நூற்றுக்கு ஒருவரளவே என்கையில் வேறு அளவுகோல் எடுபட்டிருக்குமா என்பது ஐயமே.

சேர்வராயன் மலையின் அடிவாரத்திலேயே இக்கோரிக்கைக்கு இணையான ஒரு வரலாற்றின் முக்கியக் கட்டம் அரங்கேறியது. 1944 ஆகஸ்ட் 27 அன்று சேலத்தில் கூடிய நீதிக்கட்சி மாநாட்டில், பெரியார் ஈ. வெ. ராமசாமியின் தலைமையில், சி. என். அண்ணாதுரை முன்மொழிந்த தீர்மானத்தின்படி ஆங்கில அரசு அளித்த பட்டங்களைத் துறப்பது என முடிவாகி, கட்சியும் திராவிடர் கழகமாக மாறியது. 1938இன் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் தமிழ்நாடு தமிழருக்கே என எழுந்த குரல், தென்னிந்திய மொழிகள் நான்கையும் உள்ளடக்கிய திராவிட நாடு என்று அதற்குள் விரிந்திருந்தது. இங்கே அளவுகோல் மொழிக்குடும்பம். அதுவே அதன் பலமும் பலவீனமுமாயிற்று. ஏனெனில் தெலுங்கர், கன்னடர், மலையாளிகளிடையே இக்கோரிக்கை வேர்பிடிக்கவில்லை, 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபின் அவர்களுக்கு அதன் தேவையும் எஞ்சவில்லை.

இரு கோரிக்கைகளும் வெவ்வேறு விதமாக முடிந்ததற்கு மக்களின் உணர்ச்சியில் ஏற்றத்தாழ்வு தேடுவதைக் காட்டிலும், அவர்கள் பெரிய அரசுக்குள் வந்த வழியைப் பார்ப்பதே பொருத்தம். ஸ்காட்லாந்து ஒப்பந்தம் செய்துகொண்டு இணைந்த நாடு. சென்னை மாகாணமோ ஆங்கில ஆட்சி தன் வசதிக்கு வகுத்த நிர்வாகப் பிரிவு. இந்தியக் கூட்டாட்சி மாநிலங்களின் உடன்படிக்கையால் பிறந்ததன்று, ஆகவே எந்த மாநிலத்துக்கும் பிரியும் உரிமை இல்லை என்று 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் விளக்கினார். 1962 மே மாதம் மாநிலங்களவையில் தம் முதல் உரையிலேயே அண்ணாதுரை தன்னுரிமை கேட்டு வாதிட்டார். அவ்வாண்டு அக்டோபரில் சீனப் போர் மூண்டது. அடுத்த ஆண்டில் நிறைவேறிய 16ஆவது அரசியலமைப்புத் திருத்தம், தேர்தலில் நிற்பவர் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என விதித்தது. அண்ணாதுரையின் கட்சியான தி.மு.க. திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது, அதற்கான காரணங்கள் அப்படியே இருப்பதாக அண்ணாதுரை கூறினார்.

லண்டன் வாக்குச்சீட்டைத் தந்தது, டெல்லி சட்டத்தால் கதவடைத்தது என்று இவ்வேறுபாட்டைச் சொல்லிவிடலாம். ஆனால் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவது குறித்த 2016 வாக்கெடுப்பில் ஸ்காட்லாந்தின் 62 விழுக்காட்டினர் நீடிக்கவே விரும்பியும் விலக நேர்ந்ததை முன்வைத்து, மீண்டும் விடுதலை வாக்கெடுப்பு நடத்த எடின்பரோ முயன்றபோது, லண்டனின் இசைவின்றி அதற்கு அதிகாரமில்லை என்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கேள்வியைக் கேட்கும் அதிகாரம் அங்கும் மையத்திடமே இருக்கிறது.

கைவிடப்பட்ட கோரிக்கையின் வேகம் தமிழகத்தில் மாநில சுயாட்சியாக, அதாவது கூட்டாட்சிக்குள்ளேயே மாநிலங்களுக்கு மிகுதியான அதிகாரம் என்ற நிலைப்பாடாக மாறியது. சேலத்தில் அது இரும்பின் வடிவில் வெளிப்பட்டது: கஞ்சமலையில் இரும்புத்தாது இருக்க, சேலத்துக்கு உருக்காலை ஏன் இல்லை என்ற கேள்வி, வடகடல் எண்ணெயை முன்வைத்து எழுந்த கேள்விக்கு மூத்தது. 1967இல் ஆட்சிக்கு வந்த அண்ணாதுரை அரசு அதற்காக எழுச்சி நாள் கடைப்பிடித்தது. 1970இல் அடிக்கல் நாட்டப்பட்ட அந்த ஆலை, கடைசியில் கஞ்சமலைத் தாதை உருக்காமல், வெளியிலிருந்து வந்த எஃகைத் தகடாக்கும் ஆலையாகத் தொடங்கியது தனிக்கதை. 1969இல் அமைந்த ராஜமன்னார் குழுவின் அறிக்கை, அதையொட்டி 1974இல் சட்டமன்றம் நிறைவேற்றிய சுயாட்சித் தீர்மானம், 1983இல் மத்திய அரசு அமைத்த சர்க்காரியா ஆணையம் என நீண்ட அந்த வழியில், 2025 ஏப்ரலில் தமிழக அரசு நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் மீண்டும் ஒரு குழுவை அமைத்தது.

தேசியம் பேசுவோர் எளிதில் மறந்துவிடும் சிறு குழுக்கள் இரு இடங்களிலும் உண்டு. 2014 வாக்கெடுப்பில் ஸ்காட்லாந்தின் வடகோடித் தீவுகளான ஆர்க்னியும் ஷெட்லாந்தும் விடுதலையை மூன்றில் இரு பங்கினர் அளவில் மறுத்தன. சேர்வராயன் மலையின் பழங்குடியினரான மலையாளிகள், கேரளத்தவரோடு பெயரில் மட்டுமே ஒற்றுமை உடையவர்கள், தமிழ் பேசுபவர்கள்; தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தோர் மூவர் என்றும், அவர்கள் சேர்வராயன், பச்சை, கொல்லி மலைகளில் குடியேறினர் என்றும் சொல்லிவருபவர்கள். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. பட்டியல் பழங்குடி என்ற தகுதி சேலம் உள்ளிட்ட சில மாவட்டங்களின் மலையாளிகளுக்கே உண்டு, ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழ்வோர் அதற்காக நெடுங்காலமாகக் கோரிவருகின்றனர். அப்பட்டியலை மாற்றும் அதிகாரம் சென்னையிடம் இல்லை, டெல்லி நாடாளுமன்றத்திடமே இருக்கிறது.