சமையலறை வரை வரும் அமிலம். கடை வாசலோடு நின்றுவிடும் சட்டம்

புது தில்லி: தலைநகரின் குடியிருப்புப் பகுதிகளில் ஹிந்தியில் ‘தேஜாப்’ என்று அழைக்கப்படும் அமிலம், நெடுங்காலமாக மளிகைச் சரக்குகளில் ஒன்றாகவே இருந்து வந்துள்ளது. பெயரோ எச்சரிக்கையோ ஒட்டப்படாத பாட்டில்களில் அதை வாங்கிச் சென்று கழிவறையைக் கழுவுவதும், குழாய் அடைப்பை நீக்குவதும் வட மாநில நகரங்களில் சாதாரண வழக்கம்.

இவ்விற்பனை மீது நாட்டின் கவனம் திரும்ப ஓர் இளம்பெண்ணின் போராட்டம் தேவைப்பட்டது. 2005-ல் தில்லியில் அமில வீச்சுக்கு ஆளான லட்சுமி, மறு ஆண்டு உச்ச நீதிமன்றத்தை அணுகினார். அவ்வழக்கில் 2013 ஜூலை 18-ல் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி, அமிலம் வாங்குவோர் புகைப்பட அடையாள அட்டையைக் காட்டி, வாங்கும் காரணத்தையும் கூற வேண்டும். பெயர், முகவரியை விற்பனையாளர் பதிவேட்டில் குறிக்க வேண்டும். 18 வயது நிரம்பாதோருக்கு விற்கக் கூடாது. மீறினால் ரூ.50 ஆயிரம் வரை அபராதம்.

உத்தரவு வந்து 9 ஆண்டுகளுக்குப் பின், 2022 டிசம்பரில் தில்லி துவாரகா பகுதியில் பள்ளி மாணவி ஒருவர் மீது அமிலம் வீசப்பட்டது. அந்த அமிலம் இணையதளம் வழியாக வாங்கப்பட்டது என்று போலீஸார் தெரிவித்தனர்.

அமிலம் ஆயுதமாவதைத் தடுப்பதே இவ்வுத்தரவின் நோக்கம். ஆனால் அதே அமிலமும், அதற்கு நிகரான காரப் பொடிகளும் வீட்டுக்குள் விளைவிக்கும் தீங்கு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

வீட்டுக்குள் நேரும் விபத்து

அடைப்பு நீக்கும் பொடிகளில் பெரும்பாலும் இருப்பது காஸ்டிக் சோடா. சிலவற்றில் அலுமினியத் துகள்களும் சேர்க்கப்படுகின்றன. தண்ணீர் பட்டதும் கடும் வெப்பம் எழுந்து எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கிறது. அடைப்பு நீங்காவிட்டால், அதே வெப்பத்தில் குழாயிலிருந்து கலவை பீறிட்டு முகத்திலும் கண்ணிலும் தெறிக்கக் கூடும்.

பொடி பலன் தராதபோது அமிலத்தையும் ஊற்றுவது அடுத்த தவறு. அமிலமும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும். முதல் உலகப் போரில் 1915-ல் போர்க்களத்தில் ஏவப்பட்டதும் இதே வாயுதான்.

பழைய குளிர்பான பாட்டில்களில் ஊற்றி வைக்கப்படும் அமிலத்தைக் குழந்தைகள் குடித்துவிடுவது இன்னும் கொடியது. காரமோ அமிலமோ உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கும். புண் ஆறும்போது குழாய் சுருங்கி, விழுங்குவதே கடினமாகும். மாதக்கணக்கில் சிகிச்சை தேவைப்படலாம். இத்தகைய நேரத்தில் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உப்புக் கரைசலோ எலுமிச்சைச் சாறோ புகட்டக் கூடாது. வாயை நீரால் கழுவி, பாட்டிலையும் உடன் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். கண்ணிலோ தோலிலோ பட்டால் ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடங்கள் கழுவ வேண்டும்.

சுமப்பவர் யார்?

ஊற்றியும் அடைப்பு நீங்காத குழாயைத் திறக்க அழைக்கப்படுபவர் பிளம்பர் அல்லது துப்புரவுத் தொழிலாளி. உள்ளே அமிலம் தேங்கியிருப்பதை அவருக்கு எவரும் சொல்வதில்லை. கையுறையின்றித் திறக்கும் அவரது கைதான் வெந்து போகிறது. சாக்கடையில் உள்ள சல்பைடுகளுடன் அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவும் கிளம்பும். சாக்கடைக்குள் இறங்குவோரின் உயிரைக் குடிக்கும் வாயுக்களில் முதன்மையானது இது.

பாதுகாப்பின்றிச் சாக்கடைக்குள் மனிதர்களை இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. இறந்தோர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரூ.10 லட்சத்திலிருந்து ரூ.30 லட்சமாக உயர்த்தியது. எனினும் மரணங்கள் தொடர்கின்றன.

மாற்று வழிகள்

வீட்டு அடைப்புகளில் பெரும்பகுதி எண்ணெய், சோற்றுப் பருக்கை, தலைமுடி ஆகியவற்றால் உண்டாவது. வடிவாயில் சல்லடை வைப்பதும், எண்ணெய்ப் பாத்திரத்தைக் காகிதத்தால் துடைத்த பின் கழுவுவதுமே முதல் தீர்வு. அடைப்பு ஏற்பட்டுவிட்டால், கைப்பிடியுள்ள ரப்பர்க் கிண்ணத்தை வடிவாயில் வைத்து அழுத்தி இழுக்கலாம். தொட்டிக்கு அடியில் உள்ள வளைவுக் குழாயைக் கழற்றிக் கழுவலாம்; நீண்ட சுருள் கம்பியை உள்ளே செலுத்தலாம். சமையல் சோடாவும் வினிகரும் நுரைத்து, துர்நாற்றத்தைக் குறைக்கும். ஆனால் கடும் அடைப்பை நீக்கா. நொதிகள் கொண்ட கலவைகள் மெதுவாகவே வேலை செய்யும். கழிவுத் தொட்டியில் உள்ள பயனுள்ள பாக்டீரியாக்களை அவை அழிப்பதில்லை.

குழந்தைகளால் திறக்க முடியாத மூடி, அந்தந்த மாநில மொழியில் எச்சரிக்கை, பெயரில்லாப் பாட்டில் விற்பனைக்கு முற்றுப்புள்ளி ஆகிய மூன்றையும் அரசுகள் உறுதி செய்தாக வேண்டும். அடைப்பை நீக்க வருபவரிடம் குழாய்க்குள் என்ன ஊற்றப்பட்டது என்று சொல்வதற்கோ, எந்தச் சட்டத்துக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை.