ஊமையடி உரைக்கும் செய்தி

முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டலை என்னும் மூன்று ஆறுகளும் கூடுமிடம் மூணாறு. அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்து வருவோருள் தமிழர் மிகப் பலர். ஈரச்சரிவில் கொழுந்து மூட்டையுடன் கால் வழுக்கி விழுவது அவர்களுக்குப் புதிதன்று. தோல் கிழியவில்லை, குருதி சிந்தவில்லை என்றால், "ஊமையடிதானே" என்று தைலம் தடவிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போய்விடுகிறோம். ஒரு நாட் கூலியை இழக்க யாருக்குத்தான் மனம் வரும்? ஆயினும், வயிற்றில் பட்ட ஊமையடியை அவ்வாறு விட்டுவிடுதல் தகாது.

இடப்பக்க விலா எலும்புகளின் கீழே மறைந்திருப்பது மண்ணீரல். குருதி நிறைந்த மெல்லிய உறுப்பு. மலேரியாக் காய்ச்சலால் வீங்கிய மண்ணீரல் சிறிய அடியிலும் கிழிந்துவிடக்கூடும். சிலருக்கு அடிபட்டுப் பல நாள் கழிந்த பின்னரே உள்ளே குருதி பெருகும். அப்போது இடத் தோளில் வலி தோன்றுவதும் உண்டு.

இனி, அடி உண்டாக்கிய காயம் வேறு. அடி காட்டிக்கொடுத்த குறை வேறு. ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் கீழ்முனையில் இணைந்து, குதிரை லாடம் போல் அமைந்திருக்கும். முதுகெலும்பின் முன்னே கிடப்பதால் அது எளிதில் நசுங்கும். பிறவியிலேயே சிறுநீர்ப் பாதை குறுகிச் சிறுநீரகம் வீங்கியிருப்பவருக்கு இலேசான அடியிலும் சிறுநீரில் குருதி கலக்கலாம். நாயின் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழுவின் முட்டை நம் வயிற்றுக்குள் சென்றால், கல்லீரலில் நீர்க்கட்டி உண்டாகி ஆண்டுக் கணக்கில் நோவின்றி வளரும். அடிபட்டு அது உடைந்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம். ஒரே சிறுநீரகத்துடன் பிறந்தோம் என்பதை விபத்து நாளில் அறிந்தவர்களும் உளர்.

முற்காலத்தில் இவற்றை வயிற்றைத் திறந்தே கண்டனர். 1971-இல் இலண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. அக்கருவிக்காக ஹவுன்ஸ்ஃபீல்டும் கார்மாக்கும் 1979-இல் நோபெல் பரிசு பெற்றனர். இன்று ஒலியலை ஸ்கேன் சில நிமிடங்களில் உட்குருதியைக் காட்டுகிறது.

ஆகவே, அடிபட்டபின் வயிறு உப்பல், இடைவிடாத வலி, மயக்கம், குளிர்ந்த வியர்வை, சிறுநீரில் குருதி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், உணவும் நீரும் கொடாமல் உடனே மருத்துவமனை சேர்ப்போமாக. மலைப்பாதையில் பெரிய மருத்துவமனையை அடையப் பல மணி நேரமாகும். விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது.

மற்றொன்றையும் மறவாதிருப்போம். பிழைப்பின் பொருட்டு மாநிலம் மாறி வாழும் நமக்கு, கண்டறிந்த குறையை எழுதிய மருத்துவச் சீட்டே துணை. மண்ணீரல் அகற்றப்பட்டவர் உரிய தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ள வேண்டும். காய்ச்சல் கண்டால் தாமதமின்றி மருத்துவரை நாட வேண்டும். மொழி அறியா ஊரிலும் அச்சீட்டு நமக்காகப் பேசும். குடும்ப அட்டையைக் காப்பதுபோல் அதனையும் காப்போமாக.