மோப்பம் பிடித்துச் சினை முதிரும் மீன்கள்

ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் காபி விவசாயிகள் தோட்டத்தில் இனக்கவர்ச்சிப் பொறி கட்டுவது வழக்கம். அராபிகா செடியின் தண்டைக் குடையும் வெள்ளைத் தண்டுத் துளைப்பானுக்கு வைக்கும் பொறி அது. ஆண் வண்டு வெளியிடும் வாசனைப் பொருளைச் செயற்கையாகத் தயாரித்துப் பொறிக்குள் வைத்திருப்பார்கள். பெண் வண்டு தேடிவந்து மாட்டிக்கொள்ளும். ஓர் உயிர் வெளியிட்டு, அதே இனத்து இன்னோர் உயிரின் நடத்தையையோ உடலையோ மாற்றும் இத்தகைய பொருளுக்கு ஃபெரோமோன் என்று பெயர்.

ஏற்காட்டுக் காபிக்காரர்களுக்கு இது பழகிய சங்கதி. அதே மலையின் ஓடைகள் இறங்கிச் சேரும் காவிரியில், மீன்களும் இதே மொழியைப் பேசுகின்றன என்பது பலருக்குத் தெரியாது. அதுவும் மீன்களிடம் இந்த வாசனை வெறும் அழைப்போடு நிற்பதில்லை. மோந்த மீனின் இரத்தத்தில் இனப்பெருக்க ஹார்மோனையே ஏற்றிவிடுகிறது.

நமக்கு நன்கு தெரிந்த ஜிலேபி மீனையே எடுத்துக்கொள்ளலாம். மொசாம்பிக் திலேப்பியா என்ற இந்த ஆப்பிரிக்க மீன் 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பிறகு குளம், ஏரி, அணை என்று எங்கும் பெருகிவிட்டது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீன்கள் நீரடியில் குழி பறித்து இடம் பிடிக்கும். சண்டையில் ஜெயித்த ஆண் உடல் கறுத்து நிற்கும். அது சிறுநீரைப் பையில் தேக்கி வைத்துக்கொண்டு, எதிரி வரும்போதும் பெண் வரும்போதும் சிறிது சிறிதாகப் பீய்ச்சும்.

அந்தச் சிறுநீரில்தான் செய்தி இருக்கிறது. போர்ச்சுகலின் அல்கார்வ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதிலுள்ள இரண்டு ஸ்டீராய்டு சேர்மங்களைப் பிரித்தறிந்து 2014இல் வெளியிட்டார்கள். பெண் மீன் அவற்றை மோந்ததும், முட்டையை முதிரச் செய்யும் ஹார்மோன் அதன் உடலில் கூடுகிறது. ஆண் தொடவே இல்லை. நீர் வழியே வந்த வாசனை சினையை முதிர்வை நோக்கித் தள்ளுகிறது. பெண் ஜிலேபி முட்டைகளை வாயில் வைத்து அடைகாக்கும் தாய். அந்த நாட்களில் இரை எடுப்பதே அபூர்வம். அவ்வளவு பாடுபடப் போகிறவள், வலுவான ஆண் பக்கத்தில் இருக்கும்போது முட்டையை முதிரவிடுவதில் நியாயம் இருக்கிறது.

தங்கமீனில் கதை தலைகீழ். சென்னை கொளத்தூரில் வண்ணமீன் கடைகளில் விற்கும் அதே தங்கமீன்தான் இந்த ஆராய்ச்சியின் நாயகன். கனடாவின் நார்மன் ஸ்டேசியும் அமெரிக்காவின் பீட்டர் சோரன்சனும் அதை வைத்துப் பல்லாண்டுகள் உழைத்தார்கள். முட்டை முதிரும் தறுவாயில் பெண்ணின் இரத்தத்தில் ஊறும் ஹார்மோன் கொஞ்சம் நீரிலும் கசிகிறது. அதை மோந்த ஆணின் மூளை பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது, எல்.எச். என்ற ஹார்மோன் எகிறுகிறது. விடிவதற்குள் விந்து நீர் பெருகித் தயாராகிறது. முட்டை வெளிவரத் தயாரானதும் பெண் வேறொரு பொருளை, புரோஸ்டாகிளாண்டினை, சிறுநீரில் விடும். அதை மோந்ததும் ஆண் துரத்தத் தொடங்கும். மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புக் கற்றையைத் துண்டித்தால், ஆண் மீன் இந்தச் செய்திகளுக்கு அசைவதில்லை.

இந்த மூக்கின் கூர்மை வியக்கவைக்கிறது. மேட்டூர் அணை நிரம்பினால் 93.47 டி.எம்.சி. தண்ணீர். அந்த நீர் முழுவதிலும், முட்டை முதிரும் தறுவாயில் பெண்ணிடமிருந்து கசியும் அந்த ஹார்மோன் ஒரு கிலோவுக்கும் குறைவாகக் கரைந்திருந்தாலே தங்கமீன் கண்டுகொள்ளும்.

மீன் ஹார்மோன்களை மனிதன் கையாளக் கற்றதில் இந்தியாவுக்குப் பெருமையான இடம் உண்டு. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில், ஹிராலால் சவுத்ரி பிட்யூட்டரிச் சாற்றை ஊசியாகப் போட்டுக் கெண்டை மீனை முட்டையிடவைத்தார். குளத்தில் அடைபட்டால் முட்டையிடாத ஆற்று மீன்களைப் பண்ணையில் பெருக்கும் வழி அப்படித்தான் திறந்தது. அந்த நாளைத் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். ஆனால் ஊசி போட ஆள் இருப்பது பண்ணையில் மட்டுமே. ஆற்று மீனுக்கு மூக்குதான் கதி.

அந்த மூக்கைத்தான் நாம் அடைக்கிறோம். பிரிட்டனில் சால்மன் மீன்களை வைத்துச் செய்து 2001இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. நம் ஊர் உரக்கடைகளிலும் கிடைக்கும் சைபர்மெத்ரின் பூச்சிக்கொல்லி, லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவாகக் கலந்திருந்தபோதே, பெண்ணின் வாசனைக்கு ஆண் மீனின் ஹார்மோன் சரிவர ஏறவில்லை. விந்து நீரும் பெருகவில்லை. மருந்து மீனைக் கொல்லவில்லை. செத்து மிதந்தால் ஊரே பார்க்கும். இந்தச் சேதம் யார் கண்ணிலும் படாது. நீரின் வெப்பமும் அமில, காரத் தன்மையும் மாறினாலும் மோப்பம் குறைகிறது என்று இமயமலையின் கர்வால் பகுதி ஆய்வாளர்கள் மலையோடை மீன் ஒன்றில் கண்டு 2002இல் எழுதினார்கள்.

திருமணிமுத்தாறும் சரபங்காவும் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பிறந்து காவிரியில் கலக்கின்றன. சேலம் நகரைக் கடக்கும் திருமணிமுத்தாறு சாக்கடையும் சாயக்கழிவும் சுமந்து போவதை ஊரார் தினமும் பார்க்கிறார்கள். மேலே, மலையிலாவது, தோட்டக்காரர்கள் மருந்துத் தெளிப்பானை ஓடையில் கழுவ வேண்டாம். ஓடைக் கரையை ஒட்டிய செடிகளுக்கு மருந்தடிப்பதையும் தவிர்க்கலாம். பொறி கட்டிப் பூச்சியை அடக்கத் தெரிந்தவர்களுக்கு இது முடியாத காரியமல்ல.