சாளர அளவும் சோதனையின் நம்பகமும்

அந்தமானில் டெலானிபூரிலுள்ள ஆசிரியர் ஒருவர், நிக்கோபார் செல்லும் கப்பலுக்குக் கைப்பேசி வழியே சீட்டுப் பதிவு செய்கிறார் எனக் கொள்வோம். அவர் காணும் பக்கமும், அலுவலகக் கணிப்பொறியில் தோன்றும் அதே பக்கமும் ஒரே தோற்றமுடையன அல்ல. சாளரத்தின் அகலம் ஓர் எல்லைக்குக் கீழே, பல தளங்களில் 768 படப்புள்ளிகளுக்குக் கீழே, குறையுமாயின், மேலே வரிசையாய் நின்ற இணைப்புகள் ஒரு சிறு பொத்தானுக்குள் மறைந்துவிடும்.

இணையதளங்களைச் சோதிக்கும் வேலையை இன்று பெரிதும் நிரல்களே செய்கின்றன. 2004இல் தோன்றிய செலினியம் என்னும் கருவி, மனிதரைப் போலவே உலாவியைத் திறந்து பொத்தான்களை அழுத்திப் பார்க்கும். சாளரத்தின் அளவை நாம் குறிப்பிடாவிடின், உலாவி தனக்கியல்பான அளவிலேயே திறக்கும். எழுதியவரின் கணிப்பொறியில் வென்ற சோதனை, திரையே இல்லாத வழங்கியில், 800க்கு 600 என்ற சிறு சாளரத்தில் ஓடித் தோற்கக்கூடும். தளத்திற் பிழையில்லை; அளவே மாறிற்று. நாள்தோறும் பொய்யாய் ஒலிக்கும் எச்சரிக்கையை நாளடைவில் எவரும் பொருட்படுத்தார். மெய்யான பழுதும் அதனோடு நழுவிவிடும், பெருங்கேடு இதுவே.

ஆகவே, பக்கத்தைத் திறப்பதற்கு முன்னரே அகல உயரங்களை எண்ணாற் குறித்தல் வேண்டும். ‘முழுத்திரையாக விரி’ என்னும் கட்டளை போதாது. அது திரைக்குத் திரை வேறுபடும். குறித்த அளவினுள் முகவரிப் பட்டையும் அடங்குமாதலின், பக்கத்திற்குக் கிட்டும் இடம் சற்றுக் குறையும். 1366க்கு 768 என்னும் அளவோடு, 360க்கு 800 என்னும் கைப்பேசி அளவிலும் தனியே சோதித்தல் நன்று. கணிப்பொறிச் சாளரம் அவ்வளவு சுருங்க மறுப்பதுண்டு. அப்போது உலாவியிலேயே அமைந்துள்ள கைப்பேசிப் பாவனை முறையைக் கைக்கொள்ளலாம்.