உங்களுக்குத் தெரியுமா? ஊடுபயிர்

ஆறு வரிசை நிலக்கடலைக்கு ஒரு வரிசை துவரை. மானாவாரிக்காரர்களுக்குப் பழகிய கணக்குதான். இரண்டையும் ஒன்றாகவே விதைத்தாலும் சண்டை வராது. காரணம், துவரை முதல் இரண்டு மாதம் சரியான சோம்பேறி. அதற்குள் கடலை வெயிலையும் ஈரத்தையும் அனுபவித்து, மூன்றரை மாதத்தில் பிடுங்கப்பட்டுவிடும். பிறகுதான் துவரை கிளை விரிக்கும்.

துவரைக்கு இன்னொரு வித்தையும் தெரியும். செம்மண்ணில் மணிச்சத்தின் ஒரு பங்கு இரும்போடு பிணைந்து, பயிருக்கு எட்டாமல் கிடக்கும். துவரை வேர் கசியவிடும் பிஸிடிக் அமிலம் அந்தப் பிணைப்பை அவிழ்க்கிறது. ஐதராபாத் அருகே பட்டான்சேருவில் உள்ள இக்ரிசாட் நிலையத்தில் நடந்த ஆய்வு 1990இல் இதை வெளிக்கொண்டுவந்தது. டி.ஏ.பி. மூட்டை விலையை நினைத்துக்கொண்டு படிக்க வேண்டிய செய்தி!

காவிரி டெல்டாவில் நெல் தரிசு உளுந்துக்கு உழவே கிடையாது. சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கும் நெல்லுக்குள்ளேயே விதையைத் தெளித்துவிடுவார்கள். மிச்ச ஈரமும் தைப் பனியுமே அதற்குத் தண்ணீர். அறுவடை இயந்திரம் வந்த பிறகு, முளைத்த உளுந்து சக்கரத்தில் நசுங்குகிறது என்பது புதிய தலைவலி.

இரண்டு பயிர் சேர்த்தால் லாபம்தான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கலந்து விளைந்த அளவை ஓர் ஏக்கரில் எடுத்து, அதையே தனித்தனியாக விளைவிக்க எத்தனை ஏக்கர் தேவை என்று பார்க்க வேண்டும். 1.3 ஏக்கர் என்று வந்தால் சபாஷ். ஒன்றுக்குக் கீழே போனால், ஒன்றை ஒன்று தின்றிருக்கிறது என்று அர்த்தம்.

கென்யாவின் மக்காச்சோளக் காடுகளில் இரட்டைத் தொல்லை: தண்டுத் துளைப்பான், சுடுமல்லி என்ற ஒட்டுண்ணிக் களை. நைரோபியைத் தலைமையிடமாகக் கொண்ட இசிபே பூச்சியியல் மையத்தில் ஜியாவுர் கானின் குழு 1990களில் ஒரு வழி கண்டது. வயலைச் சுற்றி நேப்பியர் புல்; வரிசைக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற பயறுவகைச் செடி. அந்துப்பூச்சி நேப்பியரில் போய் முட்டையிடும். புல் கசியும் பசையில் புழுக்கள் பெரும்பாலும் மாண்டுவிடும். டெஸ்மோடியம் வேரின் வேலை அதைவிடத் தந்திரமானது: சுடுமல்லி விதையை முளைக்கத் தூண்டிவிட்டு, மக்காச்சோள வேரைப் பற்றவிடாமல் பட்டினி போடுகிறது. இரண்டுமே மாட்டுத் தீவனம் என்பதால் பால் வருமானம் உபரி.

தக்காளியில் காய்ப்புழுவை இழுக்க 16 வரிசைக்கு ஒரு வரிசை செண்டுமல்லி நடலாம். நடும்போது செண்டுமல்லி நாற்று இரண்டு, மூன்று வாரம் மூத்ததாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து பூத்தால்தான் புழு ஏமாறும்.

மலாவி, ஜாம்பியா வயல்களில் நிற்கும் ஃபைதெர்பியா மரம் மழைக்காலத்தில் இலையை உதிர்க்கும், மழையற்ற பருவத்தில் தழைக்கும். அதனால் அதன் அடியிலேயே மக்காச்சோளம் வெயில் குறையாமல் வளர்கிறது.

தென்னை ஏழு வயது வரை எதையும் விதைக்க இடம் தரும். பிறகு 20 வயது வரை ஓலை நிழல் அடர்ந்திருக்கும். நிழல் தாங்கும் பயிர்கள் மட்டுமே தேறும். அதைத் தாண்டி மரம் உயர்ந்ததும் வெளிச்சம் கீழே இறங்கும். கோகோ, ஜாதிக்காய், மிளகு எல்லாம் கைகொடுக்கும். கன்று வாங்கப் போகும் முன் தோப்பின் வயதைக் கேளுங்கள். நர்சரிக்காரர் கேட்க மாட்டார்.