ஜெனரேட்டர் ‘டக் டக்’னு தட்டுது: இன்ஜினை இறக்கணுமா?

இந்த வாரம் கொஞ்சம் ஆயில் கறை படிந்த எபிசோட்.

எங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஆடியோ வந்தது. பன்னிரண்டு செகண்ட், முழுக்க ‘டக் டக் டக்’. கூடவே ஒரு செய்தி: “ஜெனரேட்டர் இன்ஜின்ல பேரிங் அடிக்குது. ஃபுல் ஓவர்ஹால் பண்ணணுமாம்.” அடுத்து வந்த எஸ்டிமேட்டைப் பார்த்ததும் குரூப்பே சைலன்ட். பழைய மூன்று சிலிண்டர் டீசல் இன்ஜின், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. கரண்ட் போனால் லிஃப்டும் தண்ணி மோட்டாரும் அதை நம்பித்தான் ஓடுது.

எனக்குத் தெரிந்த ஒரு வயசான மெக்கானிக் அண்ணனைக் கூட்டிட்டு வந்தேன். அவர் சத்தத்தைக் கேட்கவே இல்லை. முதலில் கேட்டது, “எப்போ தட்டுது தம்பி? ஸ்டார்ட் பண்ண உடனேயா, சூடான பிறகா?”

இந்தக் கேள்விக்குப் பின்னால் நிறைய விஷயம் இருக்கு. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் ப்ளக் கிடையாது. காற்றை அழுத்தியே சூடாக்கி, அந்தச் சூட்டில் டீசலைத் தெளிப்பாங்க. தெளித்த உடனே அது பற்றிக்கொள்ளாது, ஒரு மிகச் சின்ன தாமதம் இருக்கும். அந்த நேரத்தில் உள்ளே சேர்ந்த டீசல் எல்லாம் ஒரேயடியாகப் பற்றும்போது வருவதுதான் டீசலுக்கே உரிய அந்தக் ‘கடகட’. அதாவது கொஞ்சம் தட்டினால்தான் அது டீசல்! இன்ஜின் குளிர்ந்திருந்தால் தாமதம் கூடும், சத்தமும் கூடும். சூடானதும் குறைந்துவிட்டால் பெரும்பாலும் பயம் இல்லை. தேய்ந்த பிஸ்டன் லைனரில் இடிக்கும் சத்தமும் சூடானால் குறையும், ஏன்னா பிஸ்டன் விரிந்து இடைவெளி அடைபடும்.

பேரிங் அப்படியே உல்டா. கிராங்குக்கும் கனெக்டிங் ராடு பேரிங்குக்கும் நடுவில் இருப்பது தலைமுடியைவிட மெல்லிய ஒரு ஆயில் படலம். இன்ஜின் சூடாக ஆக ஆயில் இளகும், படலம் தாங்காது, சத்தம் கனமாகும். லோடு ஏற்றினால் இன்னும் மோசம். அதோடு ஆயில் பிரஷர் கேஜ் முள்ளும் கீழே இறங்கினால், ஆராய்ச்சி எல்லாம் அப்புறம், உடனே ஆஃப். அதற்கு மேலும் ஓட்டினால் ராடு உடைந்து பிளாக்கையே குத்திக்கொண்டு வெளியே வரலாம். அப்புறம் ஓவர்ஹாலுக்குக்கூட இன்ஜின் மிஞ்சாது.

எங்க இன்ஜின் குளிரிலும் சூட்டிலும் ஒரே மாதிரி தட்டியது. கேஜ் முள் சரியாகவே நின்றது.

சரி, எந்த சிலிண்டர்? ஜெனரேட்டர் 1500 சுற்றில் ஓடும். நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் என்பதால் ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 12.5 முறை எரியும். மூன்றும் சேர்ந்தால் 37.5. காது எண்ணித் தீராது. அண்ணன் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை பிளாக்கில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேட்டார். டாக்டர் ஸ்டெதஸ்கோப் மாதிரியேதான். மேல் பக்கம், நடு சிலிண்டர் அருகே சத்தம் கூர்மையாக இருந்தது. கீழே, ஆயில் சம்ப் பக்கம் அவ்வளவாக இல்லை.

அடுத்து லோடை எடுத்துவிட்டு, ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப்பின் நட்டையும் மாற்றி மாற்றி லேசாகத் தளர்த்தினார். அந்த சிலிண்டருக்கு டீசல் போகாது. ஒன்று, மூன்று: சுற்று இறங்கியது, தட்டல் அப்படியே. இரண்டைத் தளர்த்தியதும் தட்டல் காணோம்!

இங்கே ஒரு நிமிஷம். இதை நீங்க வீட்டில் செய்யாதீங்க. இந்த மாதிரி பழைய இன்ஜினிலேயே இன்ஜெக்டர் திறக்க ஏறக்குறைய 200 பார் அழுத்தம் வேணும். கார் டயரில் இருப்பதைவிட எண்பது, தொண்ணூறு மடங்கு. பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். பார்க்க ஊசி குத்தின மாதிரிதான் இருக்கும், ஆனால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். காமன் ரெயில் இன்ஜினில் அழுத்தம் இதைவிடப் பல மடங்கு. அதில் மெக்கானிக்கும் நட்டைத் தொடக்கூடாது.

நான் உடனே, “அப்போ இன்ஜெக்டர்தானே அண்ணே?” என்றேன். அவர் சிரித்தார். “டீசலை நிறுத்தினா ராடு மேல விழுற அடியும் நின்னுடும் தம்பி. பேரிங் தேஞ்சிருந்தாலும் சத்தம் குறையத்தான் செய்யும்.” எனக்கு எபிசோடிலேயே பிடித்த இடம் இதுதான். சிலிண்டர் எது என்று தெரிந்துவிட்டது, கோளாறு எது என்று இன்னும் தெரியலை.

அதற்கு அவர் செய்த வேலை ரொம்ப சிம்பிள். இன்ஜினை நிறுத்தி, இரண்டாவது இன்ஜெக்டரைக் கழற்றி மூன்றில் போட்டார், மூன்றில் இருந்ததை இரண்டில். புது காப்பர் வாஷர் மட்டும் செலவு. ஸ்டார்ட் பண்ணி, மறுபடி நட்டு நட்டாகத் தளர்த்தினார். இந்தத் தடவை மூன்றில்தான் தட்டல் நின்றது. கோளாறு இன்ஜெக்டரோடு நகர்ந்துவிட்டது. பேரிங்கோ பிஸ்டனோ என்றால் இரண்டிலேயே இருந்திருக்கும். மூன்று சிலிண்டரும் ஒரே மாதிரி தட்டியிருந்தால் பம்ப் டைமிங்கையும், ஆல்டர்னேட்டர் கப்ளிங் ரப்பரையும் பார்த்திருப்பேன் என்றார்.

கழற்றிய இன்ஜெக்டரை டெஸ்ட் பெஞ்சில் போட்டால், புகை மாதிரி தெளிக்க வேண்டிய நாஸில் குழாய் மாதிரி சொட்டியது. நாஸில் மாற்றினோம். ஓவர்ஹால் எஸ்டிமேட்டின் பக்கத்தில் அந்தத் தொகையை வைத்தால் சிரிப்பு வரும்.

ஆனால் அண்ணன் அதோடு விடலை. டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பார்த்தார். ஆயில் மட்டம் மேல் கோட்டைத் தாண்டியிருந்தது, டீசல் வாசனை வேற. யாரும் ஆயில் ஊற்றாமலே மட்டம் ஏறுதுன்னா, எரியாத டீசல் லைனர் வழியாக வழிந்து சம்ப்பில் சேருதுன்னு அர்த்தம். டீசல் கலந்தால் ஆயில் தண்ணியாகும், பிரஷர் விழும், அப்புறம் நிஜமாவே பேரிங் போகும். “இன்னும் ரெண்டு மாசம் இப்படியே ஓட்டியிருந்தா அந்த எஸ்டிமேட் சரியாப் போயிருக்கும்” என்றார். ஆயில், ஃபில்டர் இரண்டையும் மாற்றி, பழைய ஃபில்டரை வெட்டிப் பார்த்தோம். மினுமினுக்கும் உலோகத் தூள் எதுவும் இல்லை.

இப்போ எங்க வாட்ச்மேன் அண்ணன் ஒவ்வொரு சனிக்கிழமை காலையிலும், இன்ஜின் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, டிப்ஸ்டிக் போட்டோ ஒன்றை குரூப்பில் போடுறார். குட்மார்னிங் மெசேஜ்களுக்கு நடுவில் அது ஒன்றைத்தான் நான் ஜூம் பண்ணிப் பார்க்கிறேன்.